‘கணக்கு வராது’ என்பது யார் போட்ட கணக்கு?

(பொழிச்சலூரில் மாலைநேரப் படிப்பகம் ஒன்றில் பெற்றோர்கள், மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு, கூலி, நிலம் என்று பேசுகிற இடத்தில் இவன் அல்ஜீப்ராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். நான் பேச வந்ததும் அதே விஷயம்தான். நம் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சைக் கேட்கிறேன். “அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தாங்க கணக்குப் போட்டுது. அப்பால இந்த எக்ஸு வந்துச்சு, அதோட சரி.” சொல்கிற தாயிடம் கோபம்கூட இல்லை. “நம்மள்துக்கு அவ்ளோதான் மூளை” என்று முடித்துவிடுகிறார்.

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் எதிர்க்க வந்திருக்கிறேன். அஞ்சாவதுவரை வேலை செய்த மூளை ஆறாவதில் எங்கே போய்விடும்? பிள்ளை மாறவில்லை. கணக்கு மாறியிருக்கிறது. மாறிவிட்டது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

முதலில் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைப் பார்ப்போம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுகிற அம்மாவோடு நிற்கும் சிறுமியிடம் மூன்று கட்டுக் கீரை, கட்டு 15 ரூபாய் என்று வாங்கி 100 ரூபாய் நோட்டை நீட்டுங்கள். பேனா கிடையாது, பேப்பர் கிடையாது. 55 ரூபாய் உங்கள் கைக்கு வந்துவிடும். பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் வாரக் கூலியை வாயாலேயே கூட்டிச் சொல்வார்கள்.

இதை உலகத்தில் ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. பிள்ளைகள் அதே பிள்ளைகள். 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு நம் நாட்டில், கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்கிற 1,400க்கும் அதிகமான பிள்ளைகளிடம் நடந்தது. சந்தைக் கணக்கில் அவர்கள் தடுமாறவில்லை. பள்ளிக்கூடக் கணக்கில் தடுமாறினார்கள். அதே ஆய்வில் வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். அவர்கள் புத்தகக் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. பாலம் கட்ட வேண்டியது பள்ளிக்கூடத்தின் வேலை. ஆனால் பாலம் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை நம் பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கிறது.

சரி, அல்ஜீப்ராவில் அப்படி என்னதான் மாறுகிறது? நம் அரசுப் பாடப் புத்தகத்தில் இயற்கணிதம் என்று இருப்பது அதுதான். ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் மாற்றங்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஒன்று, சமக்குறி. ஐந்து வருடமாகப் பிள்ளைக்கு ‘=’ என்றால் ‘விடையை எழுது’ என்று அர்த்தம். 8 + 4 = என்றால் 12. கதை முடிந்தது. அல்ஜீப்ராவில் அந்தக் குறிக்கு அர்த்தம் வேறு: இந்தத் தட்டும் அந்தத் தட்டும் எடை சரி. தராசு மாதிரி. 8 + 4 = ( ) + 5 என்று கேட்டுப் பாருங்கள். 12 என்று எழுதுவார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. நம் பிள்ளைகள் மட்டுமா இப்படி? 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர்கூட 7 எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் மூளை இல்லை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சொல்லிக் கொடுத்த விதத்தில் கோளாறு என்றார்கள்.

இரண்டு, ஒட்டி எழுதுவது. 2ஐயும் 3ஐயும் ஒட்டி எழுதினால் இருபத்து மூன்று. இதை ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தோம். ஆறாவதில் 2ஐயும் எக்ஸையும் ஒட்டி எழுதிவிட்டு, எக்ஸ் 3 என்றால் விடை 6 என்கிறார்கள். பிள்ளை 23 என்கிறது. பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா? நேற்றுவரை இருந்த சட்டத்தின்படி அது சொன்னதுதான் சரி. சட்டத்தை மாற்றியவர்கள் தண்டோரா போடவில்லை. போதாக்குறைக்கு எக்ஸும் பெருக்கல் குறியும் பார்க்க ஒரே அச்சு.

மூன்று, முடியாத விடை. எண் கணக்கு எப்போதும் ஓர் எண்ணில் முடியும். அல்ஜீப்ராவில் ‘எக்ஸ் + 5’ என்பதே விடையாக நிற்கும். பிள்ளைக்கு அது பாதியில் விட்ட வேலையாகத் தெரிகிறது. அதை முடித்து ‘5எக்ஸ்’ என்று எழுதிவிடுகிறது. வேலையைப் பாதியில் விடக்கூடாது என்று நாம் வளர்த்த பிள்ளை அது.

நான்கு, எழுத்து ஆளா, எண்ணா என்பது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். ஒரு கொத்தனாருக்கு 2 சித்தாள். இதைக் கணக்காக எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் ‘2ச = க’ என்றுதான் எழுதுவோம். பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம்! ஆனால் எழுத்து ஆளைக் குறிப்பதில்லை. ஆட்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 4 கொத்தனார் வந்தால் 8 சித்தாள். ‘2ச = க’வில் அதைப் போட்டால் 16 = 4 என்று வரும். ‘ச = 2க’ என்பதே சரி. அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடமே இதே மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர். நூற்றுக்கு 37 பேர் தப்பாக எழுதினார்கள், அதில் பெரும்பாலோர் தலைகீழாக. 1980களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வு அது. அவர்கள் தடுக்கி விழுந்த அதே கல்லில்தான் நம் ஏழாம் வகுப்புப் பெண்ணும் தடுக்கி விழுகிறாள்.

ஐந்தாவது கழித்தல் குறி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு மாற்றமும் சின்ன விஷயமா? மனித குலத்துக்கு இதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று பாருங்கள். பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் மிகை எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லி விதிகள் தந்தார். பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய புத்தகத்திலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. ‘அல்-ஜப்ர்’ என்றால் முறிந்ததைச் சேர்த்துக் கட்டுவது. நம்மூர்ப் புத்தூர்க் கட்டு மாதிரி. பாகப்பிரிவினை, வியாபாரம், நிலம் அளப்பது, கால்வாய் வெட்டுவது ஆகியவற்றுக்குப் பயன்படும் என்றே அவர் எழுதினார். அந்தப் புத்தகத்தில் எக்ஸ் கிடையாது. முழுவதும் வார்த்தைதான். சமக்குறி 1557இல் வந்தது. எழுத்துகளை வைத்து முறையாகக் கணக்கு எழுதுவது 1591இல் ஃபிரான்சில் வியேத் என்பவரோடு வந்தது. எக்ஸ் என்ற எழுத்தே நிலைத்தது 1637இல் தெகார்த் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. குறை எண்ணை ஒப்புக்கொள்ள மறுத்த கணித அறிஞர்கள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள்.

ஆயிரம் வருடம் உலகத்து அறிஞர்கள் முட்டி மோதியதை நம் பிள்ளை சில பீரியடில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் ‘இதுங்களுக்கு வராது.’

இங்கேதான் சாதி வருகிறது. அல்ஜீப்ரா எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். ஆனால் தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட ஒரு வீட்டில் ஆள் இருக்கிறது, டியூசனுக்குப் பணம் இருக்கிறது, “சார், புரியல” என்று எழுந்து கேட்கிற தைரியம் மூன்று தலைமுறையாக ஊறிப்போயிருக்கிறது. நம் பிள்ளைக்கு வகுப்பறையில் எழுந்து நிற்பதே ஒரு போராட்டம். அம்பேத்கர் வாழ்க்கையில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். கரும்பலகையில் கணக்குப் போட அவரை ஆசிரியர் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரம் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்தார்கள். பாத்திரத்தை எடுக்கிற காலம் போயிருக்கலாம். கரும்பலகைக்கு நம் பிள்ளையைக் கூப்பிடாமலே விடுகிற காலம் போகவில்லை.

கணக்கு என்பது இந்த மண்ணில் எப்போதும் அதிகாரம்தான். செங்கல்பட்டுச் சீமையில் களத்துமேட்டில் நெல்லை அளக்கத் தெரிந்தவர்கள் நம் பாட்டன்மார்கள். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அளந்ததை ஓலையிலும் நோட்டிலும் எழுதியவர் கணக்குப்பிள்ளை. அந்தக் கர்ணம் வேலை தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையில் இருந்தது. 1980இல்தான் அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு இன்று யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம். அந்தத் தேர்விலும் கணக்கு இருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது, ஆனால் வாசற்படியில் கணக்கை உட்கார வைத்திருக்கிறார்கள்.

வாசற்படி எவ்வளவு உயரம் என்று பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டாவதுவரை யாரையும் பெயிலாக்குவதில்லை. அது நல்ல ஏற்பாடு, அதை எடுக்கச் சொல்கிறவர்கள் நம் எதிரிகள். ஆனால் ஆறாவதில் விழுந்த பள்ளம் ஒன்பதாவதுவரை வெளியே தெரியாமல் இருந்துவிடுகிறது. பத்தாவது கணக்குப் புத்தகத்தில் 8 பாடம். இயற்கணிதம் என்று பெயர் போட்டது ஒன்றுதான். ஆனால் சார்பு, தொடர்வரிசை, ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் என்று எதைத் திறந்தாலும் எக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 35 மார்க் தாண்டாவிட்டால் பாலிடெக்னிக் இல்லை. தாண்டினாலும் மார்க் குறைந்தால் ஃபர்ஸ்ட் குரூப் தருவதில்லை. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. இட ஒதுக்கீட்டை வாங்கித் தந்தவர்கள் ரத்தம் சிந்தினார்கள். அந்த இடத்தில் போய் உட்கார வேண்டிய பிள்ளையை ஆறாம் வகுப்பிலேயே சத்தமில்லாமல் வடிகட்டிவிட்டு, பிறகு ‘தகுதி, திறமை’ என்று நம்மிடமே பேசுகிறார்கள்.

“வாழ்க்கைக்கு இந்த எக்ஸ் எதுக்குங்க?” என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் வாங்குகிறோம். 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார். தினம் 100 ரூபாய், 100 நாள். “நூத்துக்குப் பதினஞ்சுதானேம்மா” என்கிறார். எண் கணக்கின்படி அவர் சொல்வது சரி மாதிரியே இருக்கிறது. 10,000க்கு 1,500, நூற்றுக்கு 15.

இப்போது எதிர்ப்பக்கம் நின்று கேளுங்கள். என் கையில் நிஜமாக எவ்வளவு கடன் நிற்கிறது? முதல் நாள் 8,500. தினமும் குறைந்து குறைந்து 100ஆம் நாள் ஒன்றுமில்லை. சராசரியாகப் பார்த்தால் பாதி, 4,250. அந்த 4,250க்கு 100 நாளில் 1,500 கொடுக்கிறேன். நூற்றுக்கு எத்தனை என்பதுதான் எனக்குத் தெரியாதது, அதை எக்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். 4,250ஐ எக்ஸால் பெருக்கி 100ஆல் வகுத்தால் 1,500. எக்ஸ் ஏறக்குறைய 35. அது 100 நாளைக்கு. ஒரு வருடத்துக்கு இதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் ஆண்டு வட்டி நூற்றுக்கு 120க்கு மேல்தான் நிற்கிறது.

எண் கணக்கு வட்டி விகிதத்தைக் கொடுத்துவிட்டு வட்டியைக் கேட்கும். அல்ஜீப்ரா கொடுத்த வட்டியை வைத்துக்கொண்டு, மறைத்து வைத்த விகிதத்தைக் கேட்கும். தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்ததோடு தராசில் ஏற்றிக் கண்டுபிடிப்பது. நம் வாழ்க்கையில் விளைவு மட்டும்தான் நம் கைக்கு வருகிறது. விகிதத்தை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். நமக்கு இந்தக் கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதை அரசியலாகவே பார்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் நிறைய எடுத்துக்கொண்டவர்கள். 1972இல் மராட்டியத்தில் தோன்றிய தலித் பேந்தர் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒரு கணக்கு வாத்தியார். 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் போராட்டத்தில் அடியும் சிறையும் பட்டவர். அங்கே ஓட்டுரிமை கேட்டுப் போனால் அரசியல் சட்டத்தைப் படித்து விளக்கச் சொல்லி பரீட்சை வைப்பார்கள். வாரத்துக்கு உழுத, பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட கறுப்பர்களை அந்தப் பரீட்சையில் தோற்கடித்துவிட்டு, “இவர்களுக்கு ஓட்டில் அக்கறையே இல்லை” என்றார்கள். பிறகு அவர் தான்சானியாவில் சில ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 1982இல், தன் மகளின் பள்ளியில் அவள் வகுப்புக்கு அல்ஜீப்ரா இல்லை என்றதும் தானே உள்ளே போய்ச் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அல்ஜீப்ரா திட்டம். அன்றைக்கு ஓட்டு எப்படியோ, இன்றைக்கு அல்ஜீப்ரா அப்படி என்பது அவர் வாதம். 2021இல் இறக்கும்வரை அதே வேலைதான் பார்த்தார்.

அவர் முறை நமக்கு ரொம்பப் பொருந்தும். முதலில் பிள்ளைகளைப் பாஸ்டன் நகர மின்ரயிலில் ஏற்றி அழைத்துப் போவார். பிறகு பார்த்ததைப் படமாக வரையச் சொல்வார். பிறகு தங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லச் சொல்வார். பிறகு அந்தப் பேச்சைக் கணக்குக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்துவது. கடைசியில்தான் குறி, எழுத்து. நம் பள்ளிக்கூடத்தில் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

நமக்குப் பாஸ்டன் எதற்கு? பல்லாவரம் ஸ்டேஷன் இருக்கிறது. பல்லாவரத்தைச் சைபர் என்று வையுங்கள். தாம்பரம் பக்கம் குரோம்பேட்டை 1, சானடோரியம் 2, தாம்பரம் 3. பீச் பக்கம் திரிசூலம் குறை 1, மீனம்பாக்கம் குறை 2, பழவந்தாங்கல் குறை 3, பரங்கிமலை குறை 4. எல்லாப் பிள்ளையும் பயப்படுகிற கணக்கு ஒன்று இருக்கிறது: 1 − (−2). மைனசும் மைனசும் பிளஸ் என்று மந்திரம் மாதிரி ஒப்பிக்க வைக்கிறார்கள். மந்திரம் வேண்டாம். மீனம்பாக்கத்தில் ஏறுகிறாய், குரோம்பேட்டையில் இறங்குகிறாய். இறங்கிய இடத்திலிருந்து ஏறிய இடத்தைக் கழி. எத்தனை ஸ்டேஷன் தாண்டினாய்? திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை. மூன்று. திரும்பி வந்தால்? குறை 3. கழித்தல் குறி ஓர் இடத்தில் ‘எடு’ என்கிறது, இன்னோர் இடத்தில் ‘அந்தப் பக்கம்’ என்கிறது. இதைச் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அந்தக் குறை 4ஆம் நம்பர் ஸ்டேஷன், பரங்கிமலை, நமக்குச் சாதாரண இடம் இல்லை. 1883இல் எம்.சி.ராஜா பிறந்த ஊர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து சட்டமன்றம் போனவர். 1922இல் இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கக் காரணமாக இருந்தவர். பெயர் வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி செய்ய வேண்டியது. அரசு 2022இலிருந்து சிறு வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ நடத்துகிறது. நல்லது. ஆனால் நம் பிள்ளைகள் கழன்று விழுகிற இடம் ஆறு, ஏழு, எட்டு. அந்த மூன்று வகுப்புக்கு நாம் இங்கே உட்கார வேண்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் போதும். பாலிடெக்னிக்கும் காலேஜும் போய்க்கொண்டிருக்கிற அண்ணன் அக்காக்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மோசஸிடம் படித்த பிள்ளைகளும் 1996இலிருந்து அப்படித்தான் அமைப்பாகச் சேர்ந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளை தப்பாகப் போட்டால் அடிக்காதீர்கள், “எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேளுங்கள். 23 என்றும் 5எக்ஸ் என்றும் எழுதுகிற பிள்ளையிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு, சட்டம் மாறியதைச் சொல்லுங்கள். படிக்காத தாய்மாரும் இதைச் செய்யலாம். கேட்பதற்கு அல்ஜீப்ரா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டமாகப் போய், எங்கள் பிள்ளைகளைக் கரும்பலகைக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்போம். கணக்கு வாத்தியார் இடம் காலியாக இருந்தால், ஏன் காலி என்று எழுதிக் கேட்போம். கூலி கேட்டுப் போன கால் நமக்கு, இதற்கும் போகும்.

“நம்மள்துக்கு அவ்ளோதான்” என்று இனி எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.